எதிரியின் பக்கம் நின்று சொல்லப்படும் போர்ப்படங்கள்: எதிலிருந்து தொடங்கலாம்?

அல்சூர்வாசி எழுதியது:

பெங்களூரு அல்சூர் ஏரிக்கு அருகில் உள்ள எங்கள் குடியிருப்பில், பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள் ஒன்றுகூடி மாதம் ஒரு படம் பார்த்து அதைப் பற்றிப் பேசுவது வழக்கம். அடுத்த சில கூட்டங்களுக்கு, எதிரித் தரப்பிலிருந்து கதை சொல்லும் போர்ப்படங்களை எடுத்துக்கொள்ளலாம் என்று நான் முன்மொழிந்தேன். அமெரிக்கர் எடுத்த ஜப்பானியர் கதை, ஜெர்மானியரே எடுத்த ஜெர்மன் நீர்மூழ்கிக் கதை என்று இரண்டொரு பெயர்களும் சொன்னேன். மூத்தவர் ஒருவர் உடனே மறுத்தார். சுட வந்தவன் வீட்டிலும் ஒரு தாய் காத்திருக்கிறாள் என்று காட்டிவிட்டால் அவன் செய்தது நியாயமாகிவிடுமா என்பது அவர் கேள்வி. அவர் கேட்டதில் பொருள் இருக்கிறது என்று நினைப்பதால் அவரை ஒதுக்கிவிட்டுப் பட்டியல் போட எனக்கு மனமில்லை.

நான் அறிய விரும்புவது இதுதான். எதிரியை மனிதனாகக் காட்டும் படத்தையும் எதிரியின் குற்றத்தை வெள்ளையடிக்கும் படத்தையும் எப்படிப் பிரித்தறிவது? முதலில் எதைத் திரையிட்டால் பேச்சு சண்டையாக மாறாமல் நகரும்? படம் பார்க்க வருபவர்களில் ஓய்வுபெற்ற இராணுவத்தினரும் உண்டு.

பசவனகுடி ரசிகை எழுதியது:

வணக்கம் ஐயா. இந்த வகைப் படங்களில் நான் முதலில் பார்ப்பது, எதிரியின் கதையை எடுத்தவர் யார் என்பதை. 1930இல் லூயிஸ் மைல்ஸ்டோன் இயக்கிய ‘ஆல் குவைட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரன்ட்’ ஓர் அமெரிக்கப் படம், ஆனால் அதில் வருபவர்கள் முதல் உலகப்போரில் அமெரிக்கா எதிர்த்துப் போரிட்ட ஜெர்மன் சிப்பாய்கள். போர் முடிந்து பன்னிரண்டே ஆண்டுகளில் அமெரிக்கா அதற்குச் சிறந்த படத்துக்கான ஆஸ்கார் கொடுத்தது. எதிர்ப்பு வந்ததோ ஜெர்மனியிலிருந்துதான். அதே ஆண்டு டிசம்பரில் நாஜிக் கட்சியின் பிரசாரத் தலைவர் கோயபல்ஸின் ஆட்கள் பெர்லின் திரையரங்குக்குள் வெள்ளெலிகளை அவிழ்த்துவிட்டுக் காட்சியை நிறுத்தினார்கள், சில நாட்களில் படத்துக்கே தடை வந்தது. அந்தப் படம் காட்டிய ஜெர்மானியன் பயந்தான், பசித்தான், எதற்காகச் சாகிறோம் என்று கேட்டான். தங்கள் சிப்பாயை அன்னியர் இழிவுபடுத்தியிருந்தால் நாஜிகளுக்கு வேலை எளிதாக இருந்திருக்கும். அமெரிக்கர்களோ அவனுக்காக இரங்கினார்கள், அதைத்தான் நாஜிகளால் பொறுக்க முடியவில்லை.

உள்ளிருந்தே எடுக்கப்பட்டதற்கு வொல்ஃப்காங் பீட்டர்சனின் ‘தாஸ் பூட்’ (1981) சரியான எடுத்துக்காட்டு. இரண்டாம் உலகப்போரில் நீர்மூழ்கிகளில் சென்ற 40,000 ஜெர்மானியரில் 30,000 பேர் திரும்பவில்லை என்ற அறிவிப்போடு படம் தொடங்கும். மூலநாவலை எழுதிய லோதர் குந்தர் புக்ஹைம், போர்ச் செய்தியாளராக யூ-96 என்ற நீர்மூழ்கியில் உண்மையிலேயே பயணம் செய்தவர். ஆழத்தில் குண்டுகள் வெடிக்கும்போது ஆணிகள் தெறிப்பதும், எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டு மூச்சடக்கி நிற்பதும் நம்மை அந்த இரும்புக் குழாய்க்குள் பூட்டிவிடுகின்றன. யார் பக்கம் என்பதை மறந்து, இவர்கள் பிழைக்க வேண்டுமே என்று நாமும் வேண்டத் தொடங்குகிறோம். படத்தின் ஆபத்தும் இதுவே. ஆனால் நடுவில் ஒரு காட்சி அந்த மயக்கத்தை உடைக்கிறது. தாங்கள் தாக்கிய எண்ணெய்க் கப்பல் எரிந்துகொண்டிருக்க, அதில் இன்னும் ஆட்கள் இருப்பதை அவர்கள் காண்கிறார்கள். தண்ணீரில் குதித்தவர்கள் உதவி கேட்டு நீர்மூழ்கியை நோக்கி நீந்தி வருகிறார்கள். கேப்டன் பின்வாங்கச் சொல்கிறார். அதுவரை நாம் யாருக்காக அஞ்சினோமோ அவர்களே நம் கண்முன் மனிதர்களைச் சாகவிடுகிறார்கள்.

நான் வைத்திருக்கும் அளவுகோல் அதுதான்: துப்பாக்கியின் மறுமுனையில் இருப்பவனுக்குப் படத்தில் முகம் உண்டா? அந்தக் காட்சி இல்லாதிருந்தால் ‘தாஸ் பூட்’டை உங்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிடச் சொல்லியிருப்பேன். அப்படியும் ஒரு குறை இருக்கிறது. அந்த நீர்மூழ்கியில் நாஜிக் கொள்கையில் ஊறியவர் என்று பெயர் சொல்ல ஓர் அதிகாரிதான், அவரையும் மற்றவர்கள் கிண்டல் செய்கிறார்கள். ஒரு நாட்டின் கடற்படையே அவ்வளவு அப்பாவியாக இருந்திருந்தால் போர் எப்படி நடந்தது?

கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் ‘லெட்டர்ஸ் ஃப்ரம் ஐவோ ஜிமா’விலும் (2006) இதே சிக்கல் வேறு உருவில் வருகிறது. அமெரிக்கர் ஒருவர், ஏறக்குறைய முழுவதும் ஜப்பானிய மொழியில், ஐவோ ஜிமா தீவில் அமெரிக்காவிடம் தோற்ற படையின் குகைகளுக்குள் கேமராவை வைத்தது பெரிய செயல். அதே ஆண்டு அதே போரை அமெரிக்கத் தரப்பிலிருந்து ‘ஃப்ளாக்ஸ் ஆஃப் அவர் ஃபாதர்ஸ்’ என்று அவரே தனியாக எடுத்தார். சரணடைந்த ஜப்பானியரை அமெரிக்கச் சிப்பாய் சுட்டுக் கொல்வதையும் காட்டுகிறார். ஆனால் நம் மதிப்பைப் பெறும் அதிகாரிகள் இருவரும் யார் என்று பாருங்கள். ஜெனரல் குரிபயாஷி அமெரிக்காவில் பணியாற்றியவர், பாரன் நிஷி 1932 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் தங்கம் வென்றவர். இருவரும் வரலாற்று மனிதர்கள்தான், இயக்குநர் கற்பனை செய்யவில்லை. இருந்தாலும் எதிரி எந்த அளவுக்கு நம்மைப் போல் இருக்கிறானோ அந்த அளவுக்கே அவன் நமக்குப் பிடிக்கிறான் என்பதை மறுக்க முடியவில்லை.

தங்கவயல்காரன் எழுதியது:

மேலே உள்ள பதிவை ரசித்துப் படித்தேன். ஆயினும் உங்கள் குடியிருப்பின் அந்த மூத்தவர் பக்கமே நான் நிற்கிறேன், ஆனால் என் காரணம் வேறு.

எங்கள் குடும்பத்தில் ஒரு பிரிவு கோலார் தங்கவயலுக்கு வந்தது, இன்னொரு பிரிவு மலாயாவின் ரப்பர் தோட்டத்துக்குப் போனது. அங்கே போன என் தாத்தாவின் அண்ணனை ஜப்பானியர் சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பி வரவில்லை. தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க 1942–43இல் காட்டையும் மலையையும் வெட்டிப் போட்ட அந்த 415 கிலோமீட்டர் பாதையில், நேச நாட்டுப் போர்க்கைதிகளில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் அதைப்போல் பல மடங்கு, அவர்களில் தமிழர்கள் ஏராளம். காலரா கண்டவர்களைக் குடிசையோடு எரித்ததாக எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள்.

அந்தப் பாதையைப் பற்றி உலகம் அறிந்த படம் ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ (1957). இலங்கையில் எடுக்கப்பட்டு ஏழு ஆஸ்கார் விருதுகளைப் பெற்றது. கதை முழுவதும் பிரிட்டிஷ் அதிகாரியின் கௌரவமும் ஜப்பானியத் தளபதியின் கௌரவமும் மோதிக்கொள்வதுதான். செத்துக் குவிந்த தோட்டத் தொழிலாளிக்கு அதில் கதை இல்லை. ஆவணப்படங்களாகச் சில முயற்சிகள் உண்டு, ஆனால் உங்கள் கூட்டத்தில் போட்டுக் காட்டும்படி ஒரு பெரிய கதைப்படம் தமிழில் எங்கே இருக்கிறது? வென்றவர்கள் தங்கள் பக்கத்தை ஆயிரம் முறை சொல்லி முடித்துவிட்டார்கள். அவர்களுக்கு எதிரியின் பக்கத்தைச் சொல்ல நேரமும் பெருந்தன்மையும் கிடைக்கின்றன. தன் பக்கத்தையே இன்னும் சொல்லாதவன் எதிரி தன் மனைவிக்கு எழுதிய கடிதத்தைக் கேட்டு உருக வேண்டும் என்பது எனக்கு அளவுக்கு மீறிய எதிர்பார்ப்பாகத் தோன்றுகிறது.

இதே ஆண்டுகளில் மலாயாத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து ஜப்பானியரோடு அணிவகுத்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும். எங்கள் உறவிலேயே அப்படிப் போனவர் உண்டு. ஆகவே ஜப்பானியர் எதிரியா என்ற கேள்விக்கு எங்கள் வீட்டில் ஒரே பதில் கிடையாது.

பழைய சாப்பர் எழுதியது:

நான் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற இராணுவப் பொறியாளர் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். இராணுவத்தினர் வருவார்கள் என்று கேள்வி கேட்டவர் தயங்குவதைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. எதிரியின் இடத்தில் நின்று யோசிப்பது எங்களுக்கு அன்றாட வேலை. கண்ணிவெடி பதித்த நிலத்துக்குள் போகிறவன் முதலில் அதைப் பதித்தவனாகத் தன்னை நினைத்துக்கொள்ள வேண்டும். படை எந்த மரத்தடியில் இளைப்பாறும், ஓடையை எங்கே கடக்கும், பாதை கெட்டுப்போனால் வண்டி எந்தப் பக்கம் ஒதுங்கும் என்றெல்லாம் அவன் கணக்குப் போட்டிருப்பான். அவனை அரக்கன் என்றோ முட்டாள் என்றோ எண்ணுகிறவனுக்கு முதல் காலடியிலேயே பாடம் கிடைக்கும்.

மரியாதைக்கும் பஞ்சமில்லை. 1999இல் கார்கிலின் டைகர் ஹில்லில் மாண்ட பாகிஸ்தானின் கேப்டன் கர்னல் ஷேர் கான் (‘கர்னல்’ என்பது பதவியல்ல, அவர் பெயர்) எவ்வளவு துணிவாகப் போரிட்டார் என்று நம் தரப்புத் தளபதியே எழுதி, உடலை ஒப்படைக்கும்போது அவர் சட்டைப் பையில் வைத்து அனுப்பினார். பிறகு பாகிஸ்தான் அவருக்குத் தன் மிக உயர்ந்த இராணுவ விருதான நிஷான்-இ-ஹைதரைக் கொடுத்தது. அதைப் பற்றி நம் படைமுகாம்களில் யாரும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. கோபம் வருவதெல்லாம் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான்.

என் பரிந்துரை டென்மார்க்கின் ‘லேண்ட் ஆஃப் மைன்’ (2015). போர் முடிந்த 1945இல், ஜெர்மானியர் டென்மார்க்கின் மேற்குக் கரையில் புதைத்துவிட்டுப் போன கண்ணிவெடிகளை எடுக்க, பிடிபட்ட ஜெர்மன் இளைஞர்களையே டேனிஷ் அரசு அனுப்பியது. படத்தில் வருபவர்கள் மீசை அரும்பாத பையன்கள். மணலில் குப்புறப் படுத்து, குச்சியால் குத்திப் பார்த்து நகர்ந்து, திருகைக் கழற்றும்போது அவர்கள் விரல் நடுங்குவதைப் பார்த்து, இந்தத் தொழில் அறிந்த நானே இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டேன். வேலை முடிந்த இடத்தில் அவர்களே நடந்து காட்ட வேண்டும். ஐந்து ஆண்டுகள் ஆக்கிரமிப்பில் கிடந்த நாட்டுக்காரர்களே இதை எடுத்தார்கள். பையன்களை வெறுக்கும் டேனிஷ் சார்ஜன்டின் வெறுப்புக்குக் காரணம் இருப்பதையும் படம் மறைக்கவில்லை. தங்கவயல் நண்பர் கேட்பதற்கு ஓரளவு பதில் இதில் இருக்கிறது: இங்கே எதிரிக்காக இரங்குகிறவன், அவனால் அடிபட்டவன்.

இன்னொன்று, தலைப்புக்குச் சற்று வெளியே. முள்கம்பி வேலியைத் தகர்க்கும் ‘பெங்களூர் டார்பிடோ’ என்ற நீண்ட வெடிகுழாய், 1912இல் இங்கே எங்கள் சாப்பர்ஸில் இருந்த கேப்டன் மெக்ளின்டாக் உருவாக்கியது. ‘சேவிங் பிரைவேட் ரயன்’ (1998) படத்தில் நார்மண்டி கடற்கரையில் அமெரிக்கர்கள் நம் ஊர்ப் பெயரைக் கத்துவார்கள். அந்தக் குழாய் வெடித்த சிறிது நேரத்தில் கையைத் தூக்கிக்கொண்டு இருவர் ஏதோ சொல்லியபடி வருவதும், அவர்களைச் சுட்டுவிட்டு அமெரிக்கச் சிப்பாய்கள் கேலி பேசுவதும் வரும். அவர்கள் பேசுவது ஜெர்மன் மொழி அல்ல, செக் மொழி. தாங்கள் செக்நாட்டவர், யாரையும் கொல்லவில்லை என்கிறார்கள். படத்தில் அதற்கு சப்டைட்டில் கிடையாது. ‘நம்’ பக்கத்துப் படத்துக்குள்ளேயே எதிரியின் பக்கம் அந்தச் சில நொடிகளில் வந்துபோகிறது.

சிவாஜிநகர் தமிழாசிரியை எழுதியது:

சுருக்கமாக ஒன்று சொல்கிறேன். ரசிகை அம்மா கேட்கும் அளவுகோல் கம்பனிடம் இருக்கிறது. ‘வெள்ளெருக்கஞ் சடைமுடியான்’ என்று தொடங்கும் பாட்டில், எள் வைக்கவும் இடமில்லாமல் அம்பு துளைத்த இராவணன் உடலைப் பார்த்து மண்டோதரி அழுகிறாள். கயிலையைத் தூக்கிய திருமேனி என்கிறாள். அதே பாட்டில், சானகியை மனச்சிறையில் ஒளித்து வைத்த காதல் இன்னும் உள்ளே எங்காவது இருக்குமோ என்றுதான் அந்த அம்பு உடலெல்லாம் துழாவியதோ என்றும் கேட்கிறாள். இரங்கலும் குற்றமும் ஒரே வாயிலிருந்து, நாலே அடியில் வருகின்றன. மாறாகக் கலிங்கத்துப்பரணி தோற்ற நாட்டின் பெயரையே தலைப்பில் வைத்திருந்தாலும், தோற்ற கலிங்கர் சமணராகவும் அந்தணராகவும் பாணராகவும் வேடம் போட்டுத் தப்பியோடுவதைக் காட்டி நம்மைச் சிரிக்க வைக்கிறது. செயங்கொண்டார் பெரும்புலவர்தான், ஆனால் அந்தச் சிரிப்பு வென்றவனுடைய சிரிப்பு. தற்காலப் போர்ப்படங்களில் இரண்டாவது வகையே மிகுதி.

அல்சூர்வாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ‘லேண்ட் ஆஃப் மைன்’ படத்தையே முதலில் போடுகிறோம். ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் என்பதால் பேசவும் நேரம் இருக்கும். அடுத்து ‘தாஸ் பூட்’. அதன் திரையரங்க வடிவம் இரண்டரை மணி நேரம், பின்னால் வந்த இயக்குநர் வடிவமோ மூன்றரை மணி நேரத்தை நெருங்குகிறது. முதலாவதையே எடுத்துக்கொள்கிறோம். ஐவோ ஜிமாப் படத்தைக் கடைசிக்குத் தள்ளிவிட்டேன். தங்கவயல் நண்பர் சம்மதித்தால், அன்று படம் தொடங்கும் முன் சயாம் ரயில் பற்றி அவர் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தங்கவயல்காரன் எழுதியது:

வருகிறேன். ஆனால் படத்துக்கு முன்னுரைபோல் பத்து நிமிடம் ஒதுக்கினால் வரமாட்டேன். ஒரு மணி நேரம் வேண்டும், எங்கள் சித்தப்பாவையும் அழைத்து வருவேன். படம் முடிந்த பிறகு நான் அதைப் பற்றி நல்லது சொல்வேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

அல்சூர்வாசி எழுதியது:

ஒரு மணி நேரம் உங்களுடையது. இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல் ஓடும் படம் என்பதால், அன்று மட்டும் கூட்டத்தை மாலை நான்கு மணிக்கே தொடங்கிவிடுகிறோம். சப்டைட்டில் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. படிக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்கு அருகில் இருந்து தமிழில் சொல்ல இருவர் தேவை. இந்தப் பக்கத்தில் இருந்து யாராவது வரமுடியுமா?