பள்ளிக்கூடத்தில் உரம் தயாரிக்கப் பழக்குவது பாடமா, வேலை வாங்குவதா?

கீரைப்பாத்தி:
எங்கள் ஊர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் மக்கும் குப்பையிலிருந்து உரம் தயாரிக்கச் சொல்லிக்கொடுக்கிறேன். சத்துணவுக் கூடத்துக் காய்கறித் தோல், முருங்கைக் காம்பு, மைதானத்து வேப்பஞ்சருகு, அடியில் ஓட்டை போட்ட பழைய டிரம், அவ்வளவுதான் செலவு. ஈரக் கழிவு ஒரு பங்கு என்றால் சருகு இரண்டு பங்கு, மேலே கொஞ்சம் சாணிக் கரைசல். போன வாரம் ஒரு மாணவனின் அப்பா வந்து, "படிக்கத்தான் அனுப்பினேன், குப்பை அள்ள இல்லை" என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். வாரம் இரண்டு பீரியட் இதைக் கட்டாயப் பாடமாகவே வைக்க வேண்டும் என்பது என் கட்சி. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

தெற்குத்தெரு:
நான் அந்த அப்பா பக்கம். என் அம்மா கூலிக்கு நாற்று நட்டவர், எட்டு வயதில் எனக்கே களை எடுக்கத் தெரியும், அதற்கு எந்தப் பாடத்திட்டமும் தேவைப்படவில்லை. 1953இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த திட்டம் ஞாபகம் இருக்கிறதா? கிராமத்துப் பிள்ளைக்கு மூன்று மணி நேரம்தான் பள்ளி, மிச்ச நேரம் அப்பன் தொழிலைக் கற்றுக்கொள். குலக்கல்வி என்று சொல்லித்தானே எதிர்த்தார்கள். 1954இல் அவர் பதவியை விட்டுப் போக, காமராசர் வந்து அதைத் தூக்கிப் போட்டார். அது பழங்கதை என்பீர்கள். நான் படித்த பள்ளியில் தண்ணீர் தூக்கவும் கழிவறை கழுவவும் கூப்பிடுவது எங்கள் தெருப் பிள்ளைகளைத்தான், அதுவும் கணக்கு பீரியடில். எனக்கு இன்றைக்கும் பின்னம் தகராறுதான்.

மாடித்தோட்டம்:
நான் சென்னை. என் மகள் படிக்கும் தனியார் பள்ளியில் வருடத்துக்கு ஒரு நாள் பஸ் வைத்து வயலுக்குக் கூட்டிப்போய், சேற்றில் நிற்க வைத்துப் போட்டோ எடுத்து அனுப்புவார்கள், அதற்குத் தனிக் கட்டணம் வேறு. இதுவும் செய்முறைக் கல்விதானாம்! வீட்டிலேயே குப்பையைப் பிரிக்க வேண்டும் என்று 2016லேயே விதி வந்துவிட்டது, ஆனால் எங்கள் அடுக்ககத்தில் பச்சைத் தொட்டியைத் திறந்தால் மேலாகவே டயப்பர் கிடக்கும். முதலில் எங்களுக்கு வகுப்பு எடுங்கள்.

கீரைப்பாத்தி:
அது நியாயம். ஆனால் தெற்குத்தெரு அண்ணே, விவசாயக் குடும்பத்துப் பிள்ளைக்கு எல்லாம் தெரியும் என்ற காலம் போய்விட்டது, உரம் என்றால் என்ன என்று கேட்டால் யூரியா மூட்டை என்கிறார்கள். அப்புறம், இது அப்பன் தொழில் இல்லை, அறிவியல். சருகு குறைந்தால் ஏன் நாறுகிறது, மூன்றாம் நாள் டிரம்முக்குள் ஏன் கொதிக்கிறது? ஒரு பையன் கையை வைத்துப் பார்த்துவிட்டு "சார், இதுக்குக் காய்ச்சல் அடிக்குது" என்றான். நுண்ணுயிர்ப் பாடத்தை அதற்கு அப்புறம்தான் தொடங்கினேன்.

தெற்குத்தெரு:
காய்ச்சல் நன்றாக இருக்கிறது. ஒன்றே ஒன்று கேட்கிறேன், போன சனிக்கிழமை வேலை முடிந்ததும் அந்த வாளியைக் கழுவியது யார்?

கீரைப்பாத்தி:
உடனே பதில் போட முடியவில்லை, யோசித்துப் பார்த்தேன். மூன்று பேர், மூன்றும் பெண்பிள்ளைகள். நான் சொல்லவில்லை, அவர்களாகவே எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார்கள், பையன்கள் பந்து விளையாடப் போனார்கள். நானும் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றிருக்கிறேன்.

தெற்குத்தெரு:
பார்த்தீர்களா. வருகைப் பதிவேட்டு வரிசைப்படி முறை போடுங்கள், அதில் முதல் பெயர் உங்களுடையதாக இருக்கட்டும், இரண்டாவது தலைமையாசிரியர். கட்டாயப் பாடம் என்பதை நான் இப்போதும் ஒப்புக்கொள்ளவில்லை, வாரம் இரண்டு பீரியடை எந்தப் பாடத்திலிருந்து எடுப்பீர்கள் என்றும் நீங்கள் இன்னும் சொல்லவில்லை.

கீரைப்பாத்தி:
முறை இந்தச் சனிக்கிழமையே தொடங்கும், முதல் வாளி நான். பீரியட் விஷயம் தலைமையாசிரியரிடம் கேட்டுவிட்டு வருகிறேன்.

மாடித்தோட்டம்:
சண்டைக்கு நடுவே ஒரு சந்தேகம். இதைப் படித்துவிட்டு நானும் பால்கனியில் ஒரு தொட்டி வைத்தேன், உள்ளே வெள்ளைப் புழுவாக நெளிகிறது, மாமியார் தூக்கிப் போடச் சொல்கிறார்.

தெற்குத்தெரு:
போடாதீர்கள், ஈரம் அதிகம். இரண்டு கை காய்ந்த சருகு போட்டுக் கிளறி, மூடி வையுங்கள். எட்டு வயதிலேயே தெரியும் என்றேனே.