லிடிட்சேயின் 82 பிள்ளைகள்: சிலைகளை நேரில் பார்த்தவர்கள் பகிர்வு

பிராக் நகரிலிருந்து மேற்கே சுமார் 20 கிலோமீட்டரில் லிடிட்சே. இறங்கியதும் பழைய ஊர் எங்கே என்று தேட வேண்டாம். அது இருந்த இடம் இப்போது வெறும் புல்வெளிப் பள்ளத்தாக்கு. நாஜி அதிகாரி ஹெய்ட்ரிக் கொல்லப்பட்டதற்குப் பழிவாங்க, 1942 ஜூன் 10 அன்று அங்கே 173 ஆண்களைச் சுட்டுக் கொன்றார்கள். பெண்களை ராவென்ஸ்ப்ரூக் என்ற நாஜி வதைமுகாமுக்கு அனுப்பினார்கள். வீடுகளை எரித்துத் தரைமட்டமாக்கினார்கள். தாய்மாரிடமிருந்து பிரித்த பிள்ளைகளை போலந்தின் லோட்ஜ் நகருக்குக் கொண்டுபோனார்கள். அவர்களில் 82 பேர் பிறகு ஹெல்ம்னோ என்ற கொலைமுகாமில் விஷவாயுவால் கொல்லப்பட்டார்கள்.

அந்த 82 பேரையும் சிலைகளாக உருவாக்க மரியே உகிதிலோவா என்ற சிற்பி 1969-இல் உட்கார்ந்தார். போரில் மாண்ட எல்லாக் குழந்தைகளுக்குமான சின்னமாகவே இதை நினைத்தார். 1989-இல் அவர் காலமானார். வெண்கலத்தில் வார்க்கும் பணியை அவர் கணவர் ஏற்று நடத்தி, 2000-இல் முடித்தார். 42 பெண் பிள்ளைகள், 40 ஆண் பிள்ளைகள்.

அழுது அரற்றுகிற உருவம் எதுவும் என் கண்ணில் படவில்லை. எல்லோரும் நெருக்கியடித்து நிற்கிறார்கள். கூட வந்த சித்தி, "யாரோ பேர் சொல்லிக் கூப்பிடுவாங்கன்னு நிக்குதுகளே" என்றார். நாம் அவர்கள் எதிரில் நின்றால் ஊர் நமக்கு முதுகுப் பக்கம் இருக்கும். அவர்கள் பார்ப்பது நம்மை அல்ல, நம்மைத் தாண்டி அந்தப் பள்ளத்தாக்கை.

நான் அதிக நேரம் நின்றது பெரிய பெண் பிள்ளைகளின் முன்னால். சின்னதுகளின் முகத்தில் குழப்பம்தான் தெரிகிறது. பெரியவர்களுக்கு ஏதோ பாதி புரிந்துவிட்டது. புரிந்ததைச் சின்னவர்களிடம் சொல்லவும் முடியாது. குழந்தைமை தொலைவது கொலைக்களத்தில் அல்ல, அதற்கு முன்பே, இந்த ஒளித்துவைத்தலில் என்றுதான் எனக்குப் பட்டது. சிற்பி இதையே நினைத்தாரா என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆனால் சின்னவர்களையும் பெரியவர்களையும் இப்படிக் கலந்து நிறுத்தியிருக்கும்போது வேறு மாதிரி வாசிக்க எனக்கு வரவில்லை. வெண்கலப் பாதங்களுக்கு நடுவே வருகிறவர்கள் வைத்துவிட்டுப் போன பொம்மைகள் கிடந்தன. ஒரு கரடி பொம்மை மழையில் ஊறிக் கனத்துப்போயிருந்தது.

*

நான் லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட் ஸ்டேஷன் வாசலில இருக்கிற சிலையைப் பற்றிச் சொல்லுறன். ஃபிராங்க் மைஸ்லர் செய்தது, 2006இல வைச்சவை. அஞ்சு பிள்ளைகள், பயணப் பெட்டிகள், பக்கத்தில ஒரு துண்டுத் தண்டவாளம். 1938 டிசம்பரில இருந்து போர் தொடங்கும் வரைக்கும் ஏறத்தாழ 10,000 பிள்ளைகளை, கூடுதலா யூதப் பிள்ளைகளை, நாஜிகளிட்ட இருந்து தப்ப வைக்க, தாய் தகப்பன் இல்லாமல் இங்கிலாந்துக்கு அனுப்பினவை. மைஸ்லரும் 1939இல அப்பிடி டான்சிக்கில (இப்ப போலந்தில இருக்கிற கதான்ஸ்க் நகர்) இருந்து வந்தவர்தான். அவற்ற அம்மா அப்பா ஆஷ்விட்ஸில கொல்லப்பட்டவை.

வேலைக்குப் போகேக்க அடிக்கடி பாக்கிறனான். "நல்லா உடுத்திக்கொண்டு டூர் போற பிள்ளைகள்" எண்டு ஒருத்தர் என்னட்டையே சொன்னவர். எனக்கு அந்த உடுப்புத்தான் தாங்கேலாமல் கிடக்கு. கோட்டும் தொப்பியுமா அவ்வளவு கவனமா உடுத்திவிட்ட கை சிலையில இல்லை. அண்ணாவை 80களில தனியா வெளிநாட்டுக்கு அனுப்பேக்க, விடியக்காலமை அம்மா அவற்ற சேர்ட்டைத் திருப்பித் திருப்பி மினுக்கினவ. மினுக்கின சேர்ட்டைத்தான் திரும்பவும் மினுக்கினவ. அண்ணா அண்டைக்கு ஒண்டுமே கேக்கேல்லை. அதுவரைக்கும் எல்லாத்துக்கும் "ஏன், ஏன்" எண்டு கேக்கிற பெடியன்.

*

லிடிட்சேக்கு எட்டு வயது மகளைக் கூட்டிப் போகலாமா? அடுத்த மாதம் பிராக் போகிறோம்.

*

முதலில் லண்டன் அக்காவுக்கு: அண்ணா கேள்வி கேட்காமல் போனதைப் படித்ததும் அந்தப் பெரிய பெண் பிள்ளைகள்தான் நினைவுக்கு வந்தார்கள். எழுதியதற்கு நன்றி அக்கா.

மகளைப் பற்றி: சிலைகள் வரை தாராளமாகக் கூட்டிப் போங்கள். அவை திறந்தவெளியில்தான் இருக்கின்றன, ரத்தமோ ஆயுதமோ எதுவும் கிடையாது. "இவங்க ஏன் இங்கே நிக்கிறாங்க?" என்று கட்டாயம் கேட்பாள். இந்த ஊர்ப் பிள்ளைகள், போரில் கொல்லப்பட்டுவிட்டார்கள் என்று நேராகச் சொல்லிவிடுங்கள். அந்த வயதுக்கு அது போதும், பொய்யும் இல்லை. பக்கத்திலேயே இருக்கும் அருங்காட்சியகத்துக்கு மட்டும் நீங்களும் வீட்டுக்காரரும் மாற்றி மாற்றிப் போய் வாருங்கள். பிள்ளைகள் லோட்ஜிலிருந்து சொந்தக்காரர்களுக்கு எழுதிய கடிதங்கள் அங்கே இருக்கின்றன. உடுப்பும் ரொட்டியும் கேட்டு எழுதியவை. அதை அவள் வளர்ந்த பிறகு தானே வந்து படித்துக்கொள்ளட்டும்.