செவுள் புழு மருந்துக்கு அப்புறமும் திரும்ப வருதே?

கேள்வி (சேலம்): தொட்டிக் கெண்டைக் குஞ்சுகள் செவுள் மூடியைத் தூக்கிட்டு மூச்சு வாங்குது. லிட்டருக்கு 2 மில்லிகிராம் பிராசிகுவான்டெல் போட்டா தெளியுது, அப்புறம் பழையபடி. ஏனுங்க?

பதில்: மருந்து புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாதுங்க. டாக்டைலோகைரஸ்ங்கிற இந்தச் செவுள் புழு வளர, நடுவுல நத்தை மாதிரி வேற உயிர் வேண்டியதில்லை. முட்டை அடியில் விழும். 25 டிகிரி வாக்கில் சில நாளில் பொரியும். நுண்மயிரால் நீந்தும் இளம்புழு சீக்கிரம் மீனைப் பிடிக்காட்டி செத்துடும். பிடிச்சது முட்டையிடும் முன்னே, 5-7 நாளில் இரண்டாம் முறை போடுங்க. அடிக்கசடை உறிஞ்சி எடுங்க. மருந்து இருக்கும்போது வடிகட்டியில் கரி கூடாது, மருந்தைக் குடிச்சுடும்.

பதில்: ஏற்காட்டுக் குளிரில் பொரிய நாளாகும்; இடைவெளியை நீட்டி மூணாவது முறையும் போடணும்.

பதில்: முதல்ல செவுள் இழையை மைக்ராஸ்கோப்பில் பாருங்க. நாலு கண்புள்ளி இருந்தா டாக்டைலோகைரஸ். புள்ளியில்லாம, உடம்புக்குள்ள குட்டியோட கொக்கி தெரிஞ்சா கைரோடாக்டைலஸ்ங்கிற வேற புழு. அது முட்டையிடாம குட்டி போடும் ரகம்.