புளியில் ஊறவைத்த பித்தளைப் பாத்திரங்களில் சிவப்பு நிறமும் விரிசலும்: எவற்றை மீண்டும் அடுப்பில் ஏற்றலாம்?

கேள்வி (மேற்கு மாம்பலம்):

வணக்கம். கும்பகோணத்துக்கு அருகில் இருந்த எங்கள் பூர்வீக வீட்டை விற்றபோது, அம்மா புழங்கிய 31 பித்தளைப் பாத்திரங்களைச் சென்னைக்குக் கொண்டுவந்தேன். குடம், தவலை, அடுக்கு, சொம்பு என்று பலவகை. அவற்றோடு இரண்டு குத்துவிளக்குகளும் உண்டு. பல ஆண்டுகளாக யாரும் தொடாததால் எல்லாவற்றிலும் களிம்பு ஏறியிருந்தது. ஈயம் பூசிச் சமையலுக்கு எடுக்கும் எண்ணத்தில், இரும்பு வாளியில் புளியும் கல்லுப்பும் கரைத்து, முதலில் சிறிய பாத்திரங்களையும் ஒரு குடத்தின் கழுத்துப் பகுதியையும் இரவு முழுவதும் ஊறவைத்தேன். காலையில் எடுத்தபோது மஞ்சள் போய், செம்பைப் போல இளஞ்சிவப்பாக இருந்தன. அதைவிடக் கவலை தருவது, அந்தக் குடத்தின் கழுத்திலும் ஒரு சொம்பின் கழுத்திலும் முடி அளவுக்கு மெல்லிய விரிசல்கள் தென்படுகின்றன. நான் புளியில் அதிக நேரம் போட்டதுதான் காரணமா? மீதியுள்ளவற்றில் நல்லதையும் கெட்டதையும் எப்படிப் பிரிப்பது?

பதில் (பெரம்பூர், பணி ஓய்வு பெற்ற ரயில்வே பணிமனை ஊழியர்):

அம்மா, இவை இரண்டும் வெவ்வேறு கோளாறுகள். ஒன்றுக்காக மற்றொன்றைக் குறை சொல்ல வேண்டாம். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். புளியின் அமிலம் களிம்பில் உள்ள செம்பைக் கரைத்து நீரில் விடும். அந்த நீரில் இரும்பும் சேர்ந்தால், கரைந்த செம்பு திரும்பவும் பாத்திரத்தின் மேலேயே மெல்லிய பூச்சாகப் படியும். ஆகவே உங்கள் சிவப்பு நிறத்துக்குப் பெரும்பங்கு அந்த இரும்பு வாளியுடையது என்று நினைக்கிறேன். செங்கல் பொடியை நனைத்துத் தேங்காய் நாரால் தேய்த்துப் பாருங்கள். மஞ்சள் திரும்பினால் கவலையில்லை. தேய்த்த பின்னும் திட்டுத்திட்டாகச் சிவந்து, அந்த இடம் மட்டும் சொரசொரப்பாகப் புரைபிடித்தாற்போல் இருந்தால், அங்கே துத்தநாகம் ஆழமாகக் கரைந்து வெறும் செம்பு மிஞ்சியிருக்கிறது என்று பொருள். அதைச் சமையலுக்கு எடுக்காதீர்கள். இனி பிளாஸ்டிக் வாளியில், பத்து அல்லது பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஊறவிடாதீர்கள்.

விரிசலைப் பற்றிச் சொல்வதற்கு முன் இரண்டு விவரங்கள் வேண்டும். விரிசல் பற்றவைத்த இணைப்பின் வழியாகச் சுற்றி ஓடுகிறதா, அல்லது வாயிலிருந்து கீழ்நோக்கி நெட்டாக இறங்குகிறதா? ஊரில் அந்தப் பாத்திரங்கள் எந்த இடத்தில் இருந்தன?

கேள்வி கேட்டவர்:

நெட்டாகத்தான் இறங்குகிறது ஐயா. இணைப்பு நன்றாக இருக்கிறது. பாத்திரங்கள் மாட்டுத்தொழுவத்தை ஒட்டிய அறையில் இருந்தன. குடமும் சொம்பும் தொழுவத்துப் பக்கச் சுவரோரம் அடுக்கப்பட்டிருந்தன.

பதில் (பெரம்பூர்):

அப்படியென்றால் புளியைக் குற்றம் சொல்ல முடியாது. அது விரிசலை மூடியிருந்த களிம்பை அகற்றிக் காட்டியிருக்கிறது, அவ்வளவுதான். மாட்டுச் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா, ஈரக் காற்றோடு சேர்ந்து பித்தளையைத் தாக்கும். அது எல்லா இடத்தையும் ஒரே அளவில் தாக்குவதில்லை. தட்டியும் இழுத்தும் வடிவம் கொடுத்தபோது உள்ளே இறுக்கம் தங்கிய இடங்களில், குறிப்பாகக் கழுத்திலும் மடிப்பிலும், பிளந்துவிடும். இது நம் நாட்டிலேயே கண்டறியப்பட்ட நோய். ஆங்கிலேயர் ஆட்சியில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த துப்பாக்கித் தோட்டாக்களின் பித்தளை உறைகள், குண்டைப் பற்றியிருக்கும் கழுத்துப் பகுதியில் காரணம் தெரியாமல் வெடித்தன. அம்மோனியாவும் உலோகத்துக்குள் தங்கிய இறுக்கமும் சேர்ந்த விளைவு அது என்று 1921-இல்தான் விளக்கப்பட்டது. வெளிநாடுகளில் சுட்ட தோட்டா உறைகளைத் தூய்மை செய்து மறுபடி பயன்படுத்துவோர், அம்மோனியா கலந்த மெருகுத் திரவங்களை இன்றைக்கும் தவிர்ப்பது இதனால்தான். கண்ணாடி துடைக்கும் திரவங்கள் பலவற்றில் அம்மோனியா உண்டு என்பதால், அவற்றையும் பித்தளையின் அருகில் கொண்டுபோக வேண்டாம்.

மீதியுள்ளவற்றைச் சோதிக்க, எங்கள் பணிமனைப் பழக்கம் ஒன்று உதவும். பாத்திரத்தை நன்றாகக் கழுவிக் காயவைத்து, அடுப்பும் விளக்கும் எரியாத இடத்தில், கழுத்து, விளிம்பு, அடிமடிப்பு ஆகிய இடங்களில் மண்ணெண்ணெயைத் தடவி அரை மணி நேரம் விடுங்கள். பிறகு எண்ணெய்ப்பசை தெரியாதபடி துடைத்துவிட்டு, சுண்ணக்கட்டித் தூளை மெல்லிதாகப் பூசுங்கள். விரிசல் இருந்தால், உள்ளே புகுந்த எண்ணெய் கசிந்து வந்து வெண்மையில் ஈரக்கோடு போடும். உட்புறத்தை, முனையை வளைத்த கம்பியால் மேலிருந்து கீழாக வருடிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத பள்ளம் கைக்குத் தட்டுப்படும். தோட்டா உறைகளுக்குள்ளும் இப்படித்தான் கம்பி விட்டுப் பார்ப்பார்கள். விரல் முட்டியால் தட்டினால் வரும் ஓசை ஒரு குறிப்பு மட்டுமே. அதை நம்பி எதையும் தேற வைக்காதீர்கள்.

பதில் (மயிலாப்பூர்):

ஐயா சொன்னதோடு, சமைப்பவள் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன். முதலில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். வலுவாக ஒட்டினால் அது மேற்பூச்சு மட்டும் கொண்ட இரும்பு. அடுத்து, வார்த்துச் செய்தவற்றைத் தனியே எடுத்துவையுங்கள். வார்ப்புப் பித்தளையில் கடைசலுக்கு எளிதாக இருக்கட்டும் என்று காரீயம் கலப்பது வழக்கம் என்பதால், விளக்கைப் போன்றவை விளக்காகவே இருக்கட்டும்.

ஈயம் என்ற ஒரே சொல்லால் நாம் இரண்டு உலோகங்களைக் குறிக்கிறோம். பூச வேண்டியது வெள்ளீயம், காரீயம் நஞ்சு. பூசுபவரிடம் கலப்பில்லாத வெள்ளீயக் கட்டியையே பயன்படுத்தச் சொல்லி, உங்கள் கண்முன்னே பூசச் செய்யுங்கள். பூசும்போது தூவுகிற நவச்சாரமும் அம்மோனியாச் சேர்மம்தான். ஐயா சொன்னதைப் படித்த பிறகுதான், பூசிய உடனேயே வெந்நீரில் கழுவித் துடைக்க வேண்டும் என்று என் பாட்டி வற்புறுத்தியதன் காரணம் எனக்கு விளங்கியது. ஈயம் தேய்ந்து மஞ்சள் தெரியத் தொடங்கினால், அதில் புளிக்குழம்பும் மோரும் வேண்டாம்.

கேள்வி கேட்டவர் (ஒரு வாரம் கழித்து):

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. சிவப்பு நிறம் தேய்த்ததும் போய்விட்டது. மண்ணெண்ணெய்ச் சோதனையில் மேலும் மூன்று பாத்திரங்களில் கோடு தெரிந்தது. மூன்றும் அதே சுவரோரம் இருந்தவை. எதிர்ச்சுவரில் இருந்த தவலைகள் அனைத்தும் தேறிவிட்டன. விரிசல் விட்ட குடத்தைப் பற்றவைத்துத் தண்ணீர் பிடிக்கலாமா?

பதில் (பெரம்பூர்):

வேண்டாம் அம்மா. தெரிகிற விரிசலை அடைத்தாலும், அதே இறுக்கம் பக்கத்தில் இருக்கிறது. அடுத்த பிளவு நிறைகுடத்தை இடுப்பில் வைத்திருக்கும்போதுகூட வரலாம். எடைக்குப் போட்டால் உருக்கிப் புதிதாக வார்த்துக்கொள்வார்கள். அம்மாவின் நினைவாக வைத்துக்கொள்ள விரும்பினால், நீர் படாமல், காய்ந்த இடத்தில் வையுங்கள். விரிசலின் கீழ்முனையில் ஒரு சிறு கோடு கீறி வைத்தால், ஆறு மாதம் கழித்து அது நீண்டிருக்கிறதா என்று பார்க்கலாம்.