திரும்பத் திரும்ப வெள்ளைப்படுதல், கருவும் தங்கவில்லை: கடற்பாசி எடுக்கும் பெண்களுக்கு எதை முதலில் பார்ப்பது?

கேள்வி: கிராம சுகாதார செவிலியர், மண்டபம்

சின்னப்பாலம், தங்கச்சிமடம் பக்கம் பாசி எடுக்கப் போகிற பெண்கள் சிலருக்கு மீன்வாடையோடு வெள்ளைப்படுகிறது. பச்சைக் கிட் (செக்னிடசோல் 2 கிராம், ஃப்ளுகோனசோல் 150 மி.கி.) கொடுத்தால் அடங்குகிறது, ஓரிரு மாதத்தில் திரும்ப வருகிறது. கல்யாணமாகி இரண்டு வருடமாகியும் குழந்தை இல்லாதவர்களும் இவர்களில் உண்டு. "கடல் தண்ணியில நின்னு நின்னுதான் கர்ப்பப்பை கெட்டுப்போச்சு" என்று வீட்டில் பேச்சு. உப்புக் கசகசப்பு போக உள்ளே சோப்பு விட்டுக் கழுவுகிறார்கள். எந்தப் பரிசோதனை முதலில்? உள்ளேயிருக்கும் கிருமிகளை மொத்தமாகக் கணக்கெடுக்கும் 'மைக்ரோபயோம் டெஸ்ட்' அவசியமா?

பதில்: ஆய்வக நுட்புநர், ராமநாதபுரம்

சிஸ்டர், முதலில் பிஎச் (அமிலத்தன்மை அளவு) பார்க்கும் தாளும் ஒரு ஸ்லைடும் போதும். 1–14 தாள் உதவாது. 4 முதல் 7 வரை நுணுக்கமாகக் காட்டும் தாள் வாங்குங்கள். ஜெல்லி தடவாமல் யோனியின் பக்கச் சுவரில் பஞ்சுக்குச்சியை ஒற்றி எடுங்கள். கருப்பை வாய்ச் சளி பட்டால் பிஎச் பொய்யாக ஏறும். முந்தின இரவு உறவு, மாதவிடாய் ரத்தம் இருந்தாலும் அப்படியே. கடல்நீரின் பிஎச்சே 8 பக்கம், அதனால் கடலிலிருந்து நேராக வந்தவரிடம் எடுக்காதீர்கள்.

4.5-க்கு மேல் பிஎச், சீரான மெல்லிய வெள்ளை, 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டதும் மீன்வாடை, 20%-க்கு மேல் குளூ செல்: நான்கில் மூன்று இருந்தால் பாக்டீரியல் வஜைனோசிஸ், அதாவது நல்ல கிருமி குறைந்து மற்ற கிருமிகள் பெருகிய நிலை. குளூ செல் என்றால், செல்லின் ஓரமே தெரியாதபடி மணல் தூவினாற்போல் கிருமி அப்பியிருக்கும். ஸ்லைடை உடனே பாருங்கள். ஆறிப்போனால் ட்ரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி அசையாது, தப்பிவிடும். தயிர்போலப் படுதலும் அரிப்பும் இருந்து பிஎச் சாதாரணமாக இருந்தால் பூஞ்சையை நினையுங்கள். ஈரத் துணியோடு நெடுநேரம் இருப்பது அதற்குத் தோது.

பதில்: மகப்பேறு மருத்துவர், கீழக்கரை

கடலைக் குற்றம் சொல்ல ஆதாரம் இல்லை, அந்தப் பெண்களிடம் இதைத் தெளிவாகச் சொல்லுங்கள். உள்ளே சோப்பு விடுவதை நிறுத்தச் சொல்லுங்கள். லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல கிருமி, குறிப்பாகக் கிரிஸ்பேட்டஸ் வகை, லாக்டிக் அமிலம் சுரந்து பிஎச்சை 3.8–4.5-இல் வைத்திருக்கும். அது குறைந்தால் கார்ட்னெரெல்லா என்ற கிருமி படலமாக ஒட்டிக்கொள்ளும். மருந்து அந்தப் படலத்தை முழுக்க அழிப்பதில்லை, திரும்ப வருவதற்கு அது ஒரு காரணம்.

கருக்குழாய்ப் பாதிப்பால் குழந்தையில்லாதவர்களிடம் வஜைனோசிஸ் கூடுதலாகக் காணப்படுகிறது. ஆனால் அதைக் குணமாக்கினால் கரு தங்கும் என்று நிரூபணமாகவில்லை. அதனால் மைக்ரோபயோம் டெஸ்டுக்குப் பணம் கட்ட வேண்டாம். கருப்பைக்குள் எடுக்கும் மாதிரியில் வழியிலுள்ள கிருமியும் ஒட்டிக்கொண்டு வரும், முடிவு குழப்பும். கணவரின் விந்துப் பரிசோதனை (2–7 நாள் விந்து வெளியேறாமல் இருந்து), கிளமிடியா என்ற பால்வினைத் தொற்று, கருக்குழாய் எக்ஸ்ரே, சந்தேகம் இருந்தால் கருப்பைக் காசநோய்: பணமும் நேரமும் இவற்றுக்குப் போகட்டும்.

கேள்வி கேட்டவர்:

கணவருக்கும் மருந்து உண்டா டாக்டர்?

பதில்: மகப்பேறு மருத்துவர், கீழக்கரை

உண்டு. 2025-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், பெண்ணுக்கு மட்டும் மருந்து கொடுத்தபோது 12 வாரத்தில் 63% பேருக்குத் திரும்பியது. கணவருக்கும் கொடுத்தபோது 35%. அவருக்கு மெட்ரோனிடசோல் 400 மி.கி. இருவேளை, 2% கிளிண்டமைசின் கிரீம் ஆணுறுப்பில் இருவேளை, இரண்டும் 7 நாள். பெண்ணுக்கும் அதே மாத்திரை, அதே 7 நாள், சாப்பிட்ட பின். அந்த வாரம் உறவு வேண்டாம். வாடை நின்றதும் மூன்றாம் நாளே மருந்தை நிறுத்திவிடாமல் பாருங்கள்.

விசைப்படகில் போகிறவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், ஆள் கரையில் இருப்பார். சுகவாழ்வு மையத்துக்கு (அரசு மருத்துவமனையின் பால்வினைத் தொற்றுப் பிரிவு) இருவரையும் சேர்த்து அப்போதே அனுப்புங்கள், விந்துப் பரிசோதனையும் அதே நாட்களில் முடிந்துவிடும்.