டர்பனில் 'சீ சிம்பொனி': பாடியவரும் கேட்டவரும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு பாடகர் குழுவில் ஆல்டோ, அதாவது பெண்களின் தாழ்ந்த குரல் பகுதி, பாடுகிறேன். கோயிலில் தேவாரம் பாடிப் பழகிய குரல் என்னுடையது. அங்கே எத்தனை பேர் சேர்ந்தாலும் பாடுவது ஒரே ஸ்வரம். ஆங்கில இசையமைப்பாளர் வான் வில்லியம்ஸ் கோரஸுக்கும் (பாடகர் குழுவுக்கும்) ஆர்கெஸ்ட்ராவுக்கும் கடலைப் பற்றி எழுதிய 'சீ சிம்பொனி'யை எங்கள் குழு எடுத்தபோது, பக்கத்தில் நிற்பவர் வேறு ஸ்வரத்தில் இருக்க என் ஸ்வரத்தை விடாமல் பிடிக்கவே பல வாரம் ஆயிற்று.

ஆனால் தொடக்கம் இருக்கிறதே! டிரம்பெட் முதலான பித்தளை ஊதுகருவிகள் பி பிளாட் மைனர் என்ற கார்டில், அதாவது ஒருசேர ஒலிக்கும் ஸ்வரங்களின் கூட்டில், முழங்கும். 'இதோ பாருங்கள்' என்று கோரஸ் எழும். 'கடல்' என்ற சொல் வரும்போது மொத்த ஆர்கெஸ்ட்ராவும் டி மேஜர் என்ற வேறொரு கார்டுக்குப் போய்விடும். முதல் கார்டின் மூன்று ஸ்வரங்களில் ஒன்றுகூட அடுத்ததில் இல்லை. ஒவ்வொன்றும் அரை ஸ்வரம் நகர்ந்திருக்கும். காலடியில் தரையே நகர்வதுபோல் இருக்கும். இத்தனை பாடியும் அந்த இடத்தில் இன்னும் எனக்குச் சிலிர்க்கிறது.

வரிகள் அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனுடையவை. பணியில் உயிர்விட்ட கப்பல் தலைவர்களையும் மாலுமிகளையும் முதல் பகுதி நினைவுகூர்கிறது. கடைசிப் பகுதியின் வரிகள் 'பாசேஜ் டு இந்தியா' கவிதையிலிருந்து வந்தவை. அந்தக் கவிதை இந்தியாவை நோக்கிப் போகிறது. எங்கள் குடும்பம் இந்தியாவிலிருந்து புறப்பட்டு வந்தது. மதராஸிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் 1860 நவம்பர் 16 அன்று இந்தத் துறைமுகத்துக்கு வந்தது. அதன்பின், இடையில் சில ஆண்டுகள் நின்றதைத் தவிர, 1911 வரை ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய கப்பல்கள் வந்தபடியே இருந்தன. அப்படி ஒன்றில் வந்தவர்தான் என் ஆயாவின் தாத்தா. வான் வில்லியம்ஸ் இதை எழுதிய 1903 முதல் 1909 வரையிலும் அந்தக் கப்பல்கள் நிற்கவில்லை. அவற்றில் வந்தவர்களுக்கு இந்தப் படைப்பில் ஒரு வரி கிடையாது. முதல் பகுதியில் எல்லாக் கப்பல்களுக்கும் என்று பாடும்போது அவர்களையும் நான் சேர்த்தே பாடுகிறேன்.

மூன்றாம் பகுதியில் தனிப்பாடகர்கள் இல்லை, கோரஸ் மட்டும். கப்பல் போன வழியில் அலைகள் துரத்துவதைப் பாட வேண்டும். மூச்சு வாங்கும். அருமையான பகுதி.

*

அக்கா, நீங்கள் பாடிய அன்று நான் சபையில் இருந்தேன். டர்பனின் புறநகரான சாட்ஸ்வர்த்திலிருந்து அம்மாவையும் கூட்டி வந்திருந்தேன். எனக்கு முதல் பகுதியைவிட இரண்டாம் பகுதிதான் பிடித்தது. இரவில் கடற்கரையில் தனியே நிற்பவனின் பாட்டு அது. பாரிடோன் என்ற நடுத்தர ஆண்குரல் தாழ்ந்து தொடங்கும். எல்லா உலகங்களும் எல்லாக் காலங்களும் ஒன்றோடொன்று கோர்த்திருக்கின்றன என்று பாடும். பொருள் தெரியாமலே அம்மா அதில் கண்கலங்கினார்.

1910 அக்டோபர் 12 அன்று, தன் 38ஆவது பிறந்தநாளில், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் வான் வில்லியம்ஸே இதை முதன்முதலாக நடத்தினாராம். எழுபது நிமிடம் போல் ஓடும். முதல்முறை போகிறவர்கள் வரிகளை முன்னாலேயே படித்துவிடுங்கள். ஆர்கெஸ்ட்ரா உச்சத்துக்குப் போகும்போது சொற்கள் காதில் பிடிபடுவதில்லை.