தேங்காய்ச் சம்பலை நிறுத்த வேண்டுமா? கொழுப்பமிலங்களும் நிர்ப்பீடனக் கலங்களின் அழற்சியும்

கேள்வி (ஹட்டன், உயர்தர உயிரியல் ஆசிரியை)

வணக்கம். வகுப்பில் நிர்ப்பீடனம் (நோயெதிர்ப்பு) பற்றிக் கற்பித்துக்கொண்டிருந்தபோது, தலவாக்கலைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து வரும் மாணவி கேட்ட கேள்வியை இங்கே வைக்கிறேன். அவருடைய தாயார் கொழுந்து பறிப்பவர். ருமற்றொயிட் மூட்டுவாதத்துக்கு அரசாங்க வைத்தியசாலையில் மருந்து எடுத்து வருகிறார். தேங்காயெண்ணெயில் உள்ள லோரிக் அமிலம் என்ற நிரம்பிய கொழுப்பமிலம், கிருமிகளை விழுங்கும் மாக்ரோபேஜ் கலங்களின் மேலுள்ள டி.எல்.ஆர். 4 என்ற வாங்கியை (சமிக்ஞையை ஏற்கும் புரதத்தை) தூண்டி அழற்சியை வளர்க்கும் என்று ஒரு காணொளியில் கேட்டதிலிருந்து, வீட்டில் ரொட்டிக்குச் சம்பல் அரைப்பதையே நிறுத்திவிட்டார்களாம். அதே லயத்தில் இன்னொருவரோ, தேங்காயெண்ணெய் அழற்சியைத் தணிக்கும் மருந்து என்று சொல்லி, காலையில் வெறும் வயிற்றில் ஒரு கரண்டி குடிக்கச் சொல்கிறாராம். இரு தரப்பினரும் ஆய்வுகளையே சாட்சிக்கு அழைக்கிறார்கள்.

நிரம்பிய கொழுப்பமிலங்கள் உண்மையிலேயே அந்த வாங்கியில் பிணைகின்றனவா? மீனிலுள்ள ஒமேகா 3 அழற்சியைக் குறைப்பது எவ்வழியில்? எங்கள் பக்கத்தில் சுலபமாகக் கிடைப்பவை கருவாடும் டின் மீனும்தான் என்பதையும் மனத்திற்கொண்டு பதிலளித்தால் உதவியாக இருக்கும்.

பதில் (பேராதனை, நிர்ப்பீடனவியல் ஆய்வு மாணவர்)

வணக்கம் டீச்சர். காணொளி சொல்வது கற்பனையல்ல, ஆனால் அது 2001ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டது. அந்த ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று, கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்த்த எலி மாக்ரோபேஜ்களுக்கு லோரிக் அமிலத்தைக் கொடுத்தபோது, டி.எல்.ஆர். 4 வழியாக, அழற்சிப் பொருட்களை ஆக்கும் கொக்ஸ் 2 நொதியம் உருவாவதாகக் காட்டியது. நிரம்பாத கொழுப்பமிலங்கள் அவ்வாறு செய்யவில்லை. அதை நம்புவதற்கு நல்ல காரணமும் இருந்தது. டி.எல்.ஆர். 4 இயல்பாக இனங்காண்பது கிராம் எதிர் பற்றீரியாக்களின் அகநச்சை; அந்நச்சின் லிப்பிட்டு ஏ என்ற பகுதியில், எஷரிக்கியா கோலை என்ற பற்றீரியாவைப் பொறுத்தவரை, ஆறு கொழுப்பமிலச் சங்கிலிகள் உள்ளன, அவற்றுள் ஒன்று லோரிக் அமிலமே. ஆகவே தனித்திருக்கும் லோரிக் அமிலமும் அங்கே பொருந்தக்கூடும் என்று ஆய்வாளர்கள் எண்ணியதில் வியப்பில்லை.

சிக்கல் பரிசோதனைப் பொருட்களில் இருந்தது. கொழுப்பமிலங்கள் நீரில் எளிதில் கரையாதவை என்பதால், அவற்றை வழக்கமாக மாட்டுக் குருதியின் அல்புமின் என்ற புரதத்தோடு பிணைத்தே கலங்களுக்குக் கொடுப்பார்கள். விற்பனைக்கு வரும் அல்புமினில் பற்றீரியா நச்சு மிக நுண்ணிய அளவில் கலந்திருப்பதுண்டு. மாக்ரோபேஜைத் தூண்டுவதற்கு அந்த நுண்ணிய அளவே போதும். 2009இல் இந்த மாசைக் கணக்கில் எடுத்துச் செய்த ஆய்வில், நிரம்பிய கொழுப்பமிலங்கள் வாங்கியை நேரடியாகத் தூண்டவில்லை. 2018இல் வெளிவந்த ஆய்வு இன்னும் சுவையானது: பாமிற்றிக் அமிலம் டி.எல்.ஆர். 4இல் பிணைவதில்லை, ஆயினும் அந்த வாங்கி வேறொன்றால் முன்னரே தூண்டப்பட்டுக் கலத்தின் அனுசேபம் (வளர்சிதை மாற்றம்) மாறியிருந்தால்தான் பாமிற்றிக் அமிலத்தின் அழற்சி விளைவு வெளிப்படுகிறது என்று அது காட்டியது. அமைதியாக இருக்கும் கலமும் ஏற்கெனவே உசுப்பப்பட்ட கலமும் ஒரே கொழுப்புக்கு வேறு வேறு விதமாக நடந்துகொள்கின்றன என்பதை, மாணவர்களுக்கு நான் சொல்வதாயின், வாங்கியின் பெயரை விட முக்கியமாகச் சொல்வேன்.

இதனால் நிரம்பிய கொழுப்பமிலங்கள் அனைத்தும் சாதுவானவை என்று ஆகிவிடாது. பாம் எண்ணெயில் ஏறத்தாழ 44 சதவீதமாக உள்ள பாமிற்றிக் அமிலம், கலத்துக்குள் மிகையாகச் சேரும்போது செரமைட்டுகள் என்ற வேறு கொழுப்புகளாக மாறுகிறது, கலம் புரதங்களை உருவாக்கும் அகமுதலுருச் சிறுவலையைத் தகைப்புக்கு உள்ளாக்குகிறது, என்.எல்.ஆர்.பி. 3 என்ற புரதத் தொகுதி வழியாக இன்ரலூக்கின் 1 பீற்றா என்ற அழற்சிச் சமிக்ஞைப் புரதம் வெளிவரவும் செய்கிறது. ஆனால் அதே பாத்திரத்தில் ஒலெயிக் அமிலத்தையும் சேர்த்தால் இந்தத் தீங்கு பெருமளவு தணிகிறது. எந்த வீட்டுச் சமையலிலும் ஒரே ஒரு கொழுப்பமிலம் தனித்து வருவதில்லை. உண்ட கொழுப்பின் பெரும்பகுதி கைலோமைக்கிரன் என்ற கொழுப்புக்காவித் துணிக்கைகளில் முக்கிளிசரைட்டாகப் பயணிக்கிறதே தவிர, ஆய்வுகூடத்தில் ஊற்றுவது போலச் சுதந்திர அமிலமாக மாக்ரோபேஜின் மேல் கொட்டப்படுவதுமில்லை.

மனிதர்களிடம் செய்த பரிசோதனைகளுக்கு வருவோம். 2020இல் 16 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வெப்பவலயம் சாராத தாவர எண்ணெய்களோடு ஒப்பிடுகையில் தேங்காயெண்ணெய், ‘கெட்ட கொலஸ்திரோல்’ எனப்படும் எல்.டி.எல். கொலஸ்திரோலைச் சுமார் 10 மில்லிகிராம் அளவுக்கு (ஒரு டெசிலீற்றரில்) உயர்த்தியது. அழற்சிக் குறிகாட்டிகளிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. எனவே சம்பலை அழற்சிக்குப் பயந்து நிறுத்த வேண்டியதில்லை. வெறும் வயிற்றில் எண்ணெய் குடிப்பவர் அழற்சியைத் தணிக்கவில்லை, எல்.டி.எல்.லைத்தான் கூட்டிக்கொள்கிறார். ருமற்றொயிட் மூட்டுவாதம் உள்ளவர்களுக்கு இதயநோய் ஆபத்து ஏற்கெனவே மற்றவர்களை விட அதிகம் என்பதால், அந்தக் கரண்டியைப் பற்றித்தான் நான் கவலைப்படுவேன்.

ஒமேகா 3 வேலை செய்யும் முதல் இடம் கல மென்சவ்வு. நமது குருதியிலுள்ள ஒற்றைக்கரு நிர்ப்பீடனக் கலங்களின் கொழுப்பமிலங்களில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு அரக்கிடோனிக் அமிலம் என்ற ஒமேகா 6; மீனெண்ணெயிலுள்ள ஒமேகா 3களுள் ஒன்றான ஈ.பி.ஏ. சாதாரணமாக 1 சதவீதத்தையொட்டியே இருக்கும். மீனெண்ணெயைத் தொடர்ந்து உட்கொள்ளும்போது, சில வாரங்களில் ஈ.பி.ஏ.யும் டி.எச்.ஏ. என்ற மற்றைய ஒமேகா 3உம் அரக்கிடோனிக் அமிலத்தின் இடத்தில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்கின்றன. அதன் பின்னர் அதே நொதியங்கள், அழற்சியில் பங்குகொள்ளும் புரொஸ்டாகிளாண்டின் ஈ2க்கும் லூக்கோட்ரையீன் பி4க்கும் பதிலாக, வீரியம் குறைந்த ஈ3ஐயும் பி5ஐயும் ஓரளவு உருவாக்குகின்றன. 2010இல் ஜி.பி.ஆர். 120 என்ற வாங்கி வழியாக டி.எச்.ஏ. மாக்ரோபேஜின் அழற்சிச் சமிக்ஞையை அடக்குவதும் கண்டறியப்பட்டது. அழற்சியை முடித்துவைக்கும் ரிசோல்வின்கள் என்ற பொருட்கள் உருவாவதும் இவ்விரு அமிலங்களிலிருந்தே.

பதில் (பதுளை, போசணை உத்தியோகத்தர்)

மேலே எழுதியவர் கலத்தைப் பார்த்துக்கொண்டார். நான் சமையலறையைப் பார்க்கிறேன். மூட்டுவாத ஆய்வுகளில் காலை விறைப்பும் மூட்டு நோவும் குறைந்தது பெரும்பாலும் நாளொன்றுக்கு 3 கிராம் அளவில் ஈ.பி.ஏ.யும் டி.எச்.ஏ.யும் சேர்த்துக் கொடுத்தபோதுதான். பலன் தெரியவும் 2, 3 மாதங்கள் செல்லும். டின்னில் வரும் கானாங்கெளுத்தி வகை மீனில், நீரை வடித்த 100 கிராமில் 1 கிராமையொட்டி இருக்கும். ஆகவே வாரத்தில் சில நாள் மீன் சமைப்பது நல்ல உணவுப் பழக்கம், ஆனால் அதனிடமிருந்து அந்த மருந்தளவை எதிர்பார்க்கக் கூடாது. டின் மீனின் நீரை வடித்துவிட்டுக் குழம்பு வைக்கலாம், பொரிக்க வேண்டியதில்லை. நெத்தலிக் கருவாட்டை நீரில் ஊறவைத்து உப்பைக் குறைக்கலாம். இரத்த அழுத்தம் உள்ளவர் வீட்டில் அதைக் கட்டாயம் செய்ய வேண்டும். ஆளி விதை, சோயா எண்ணெய் போன்றவற்றிலுள்ள அல்பா லினோலெனிக் அமிலத்தில் சிறுபங்கே உடலில் ஈ.பி.ஏ.யாக மாறுவதால், அவை மீனுக்கு ஈடாகா.

மாணவியின் தாயார் மெத்தோட்ரெக்ஸேற் போன்ற மருந்து எடுப்பவராயின், உணவை மாற்றினோம் என்ற நம்பிக்கையில் மருந்தின் ஒரு தவணையைக்கூட விடக் கூடாது. அந்நோய் மூட்டின் எலும்பையே அரித்துவிடும். அதைத் தடுப்பது மருந்து. குருதி உறையாமல் இருக்க வோபரின் எடுப்பவர்கள் மீனெண்ணெய் வில்லைகளைத் தொடங்குமுன் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். தேங்காயைப் பொறுத்தவரை, 200 ரூபாயைத் தாண்டிய நாட்களில் சம்பலின் அளவைக் கடைக்காரரே குறைத்துவிட்டார். காணொளிக்கு அங்கே வேலை இருக்கவில்லை.

மீண்டும் ஹட்டன் ஆசிரியை

இருவருக்கும் மிக்க நன்றி. ஒரு துணைக் கேள்வி: அரக்கிடோனிக் அமிலம் லினோலெயிக் அமிலத்திலிருந்து உருவாவதாகத்தான் நாம் கற்பிக்கிறோம். அப்படியானால் லினோலெயிக் அமிலம் நிறைந்த சூரியகாந்தி, சோயா எண்ணெய்கள் அழற்சியை வளர்க்க வேண்டுமல்லவா?

பதில் (பேராதனை)

கடதாசியில் அப்படித்தான் தோன்றும், டீச்சர். ஆனால் அந்த மாற்றத்தை உடல் இறுக்கமாகக் கட்டுப்படுத்துகிறது: உணவில் லினோலெயிக் அமிலத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் குருதியில் அரக்கிடோனிக் அமிலத்தின் அளவு பெரிதாக அசைவதில்லை, ஆரோக்கியமானவர்களிடம் செய்த பரிசோதனைகளில் சி.ஆர்.பி. போன்ற அழற்சிக் குறிகாட்டிகளும் உயரவில்லை. புரொஸ்டாகிளாண்டின் ஈ2ஐயும் முழு வில்லனாக வகுப்பில் வரைந்துவிட வேண்டாம். நோவையும் வீக்கத்தையும் தரும் அதே மூலக்கூறு, மாக்ரோபேஜ்கள் டி.என்.எஃப். என்ற அழற்சிச் சமிக்ஞைப் புரதத்தை வெளியிடுவதைக் குறைக்கவும் செய்கிறது. அரக்கிடோனிக் அமிலத்திலிருந்தே, அழற்சியைத் தணிக்கும் லிப்பொக்சின்களும் உருவாகின்றன. ஒமேகா 6 தீயது, ஒமேகா 3 நல்லது என்று பலகையில் இரண்டு நிரல் கீறுவது இலகுவானதுதான், ஆனால் அந்த மாணவி அடுத்த நிமிடமே லிப்பொக்சின் எந்த நிரலில் வரும் என்று கேட்பார்.